மலைவண்டியும் வெற்றிடப் பம்பியும்

நானுஓயா நிலையத்திலே விடியற்பனி இன்னும் விலகியிராது. துணிமூட்டையும் சோற்றுப் பொட்டலமுமாகத் தோட்டத்துக் குடும்பங்கள் மேடையில் காத்து நிற்கும். டீசல் என்ஜின் உறுமத் தொடங்கியதும், "இனிப் புறப்பட வேண்டியதுதானே" என்று பயணிகள் எண்ணுவர். சாரதியின் கண்ணோ ஒரு சிறிய வட்டமானியின்மேல் பதிந்திருக்கும். அதன் முள் உயரும்வரை வண்டி நகராது.

அந்த முள் காட்டுவது வெற்றிடத்தின் அளவை. என்ஜின் முதல் கடைசிப் பெட்டிவரை அடியிலே ஒரே குழாய் தொடர்ந்து செல்கிறது. எக்ஸாஸ்டர் எனப்படும் வெற்றிடப் பம்பி அக்குழாயிலுள்ள காற்றை உறிஞ்சி வெளியேற்றுகிறது. காற்று நீங்கினால் பிரேக் கட்டைகள் சக்கரங்களை விடுகின்றன. காற்று புகுந்தால் இறுகப் பற்றுகின்றன. நீராவி என்ஜின்களில் நீராவித் தாரை செய்துவந்த இவ்வேலையை, 1950களில் டீசல் என்ஜின்கள் வந்தபின் பம்பி ஏற்றுக்கொண்டது. புதிய தொடர்கள் சிலவற்றில் அழுத்தக் காற்று பிரேக் வந்துவிட்டபோதிலும், வெற்றிட பிரேக் இலங்கையில் இன்னும் மறைந்துவிடவில்லை.

காற்று புகுந்தால் பிடிக்கும் என்ற இந்த ஏற்பாடு பெருவிலை கொடுத்துப் பெற்றதாகும். 1889 ஜூன் 12ஆம் நாள், அயர்லாந்தின் ஆர்மா நகருக்கு அருகே, உல்லாசப் பயண வண்டியொன்று ஏற்றத்தில் நின்றுவிட்டது. பின்பெட்டிகளைக் கழற்றிவிட்டு முன்பெட்டிகளை மட்டும் இழுத்துச் செல்ல முயன்றனர். அவ்வண்டியின் பிரேக்கோ வெற்றிடம் இருந்தால் மட்டுமே பிடிக்கும் வகை. குழாய் பிரிந்ததும் பிடி போயிற்று. கழன்ற பெட்டிகள் பின்னோக்கி உருண்டு அடுத்த வண்டியில் மோதின. குழந்தைகள் பலர் உட்பட ஏறத்தாழ 80 பேர் மாண்டனர். அவ்வாண்டிலேயே தானாகப் பிடிக்கும் பிரேக்கைப் பிரிட்டிஷ் பாராளுமன்றம் கட்டாயமாக்கிற்று. ஆர்மாவின் சரிவு 75க்கு 1. மலைநாட்டுப் பாதையிலோ 44க்கு 1 வரை உண்டு.

ஆகவே பம்பியைத் தொடக்குவது பொத்தானை அழுத்தும் காரியமன்று. அது ஓய்ந்திருக்கும்போதே மசகெண்ணெயின் அளவைப் பார்க்க வேண்டும். உறிஞ்சும் வாயின் வடிகட்டியில் தூசி அடைந்திருக்கலாகாது. காற்று வெளியேறும் வழி அடைபட்டிருந்தால் பம்பி சூடேறிக் கெடும். சுழலும் தண்டின்மேல் மூடி இருக்கிறதா என்பதையும் நோக்க வேண்டும். தளர்ந்த சட்டைக்கை ஒன்று போதும், கையையே இழக்க. மலைக்குளிரில் எண்ணெய் தடித்திருக்கும். ஓடத் தொடங்கியபின் அது இளகச் சிறிது நேரம் கொடுத்தல் நன்று.

முள் பாதிவழியில் நின்றுவிட்டால் எங்கோ காற்று கசிகிறது என்பது பொருள். பெட்டிகளுக்கிடையேயுள்ள ரப்பர் குழாயின் வளையம் தேய்ந்திருக்கலாம். கடைசிக் குழாய் தன் அடைப்பில் சரியாகப் பொருந்தாதிருக்கலாம். என்ஜினை விரைவாக ஓட்டினால் பம்பி கசிவை வென்று முள்ளை உயர்த்திவிடும். இது தன்னையே ஏமாற்றிக்கொள்ளும் வழி. இறக்கத்திலே என்ஜின் மெதுவாக ஓடும்போது கசிவு பம்பியை வெல்லும். முழு வெற்றிடம் மீளுமுன் திரும்பத் திரும்பக் காற்றை விட்டால், பிரேக்கின் வலிமை படிப்படியாகத் தேயும்.

மலை இன்னொரு சோதனையும் வைக்கிறது. கடல்மட்டத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ 30 அங்குலப் பாதரசம். 1,898 மீற்றர் உயரமான பட்டிப்பொல உச்சியில் 24 அங்குலமே. 20 அங்குல வெற்றிடம் உண்டாக்கக் கொழும்பில் குழாய்க் காற்றின் மூன்றிலொரு பங்கை விட்டுவைக்கலாம். பட்டிப்பொலவில் ஆறிலொரு பங்குக்கு மேல் எஞ்சலாகாது. தேய்ந்த பம்பி கீழ்நாட்டில் ஒப்பேற்றிவிடும். ஹட்டனைத் தாண்டி ஏற ஏற அதன் குறை வெளிப்படும்.

சாரதியின் மானி மட்டும் சாட்சியாகாது. குழாய் நடுவில் அடைபட்டிருந்தால் என்ஜினில் முள் உயர்ந்தே நிற்கும்; பின்பெட்டிகளுக்கோ பம்பியின் ஆட்சி எட்டாது. எனவே கடைசிப் பெட்டியிலுள்ள காப்பாளர் தம் மானியைப் பார்க்கிறார். பிறகு தம் வால்வைத் திறந்து காற்றை விடுகிறார். முன்னே சாரதியின் முள் விழுகிறது. குழாய் முழுதும் ஒன்றே என்பது இருவருக்கும் தெளிவாகிறது. வால்வு மூடப்படுகிறது, பம்பி மறுபடி இழுக்கிறது, முள் ஏறுகிறது, பச்சைக்கொடி அசைகிறது.