பிபிசி மைக்ரோ: 32 கிலோபைட்டில் ஒரு கைவேலை

ஒலிபரப்பு நிறுவனம் ஒன்று கணினிக்குத் தன் பெயரையே கொடுத்தது என்றால் வேடிக்கையாக இருக்கும். பொதுமக்களுக்குக் கணினி கற்றுத்தரத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றைத் திட்டமிட்ட பிபிசி, பார்ப்பவர்கள் வீட்டிலேயே செய்துபார்க்கத் தோதான ஒரு பொறியைத் தேடியது. கேம்பிரிட்ஜில் இருந்த ஏகார்ன் என்ற சிறு நிறுவனத்தில் ஸ்டீவ் ஃபர்பர், சோஃபி வில்சன் உள்ளிட்டோர் ஒரே வாரத்தில் மாதிரியைக் கட்டி, ஓட்டியும் காட்டினார்கள். 1981 டிசம்பரில் பிபிசி மைக்ரோ வெளிவந்தது.

உள்ளே 2 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 6502 வகைச் சில்லு. 'பி' மாடலில் 32 கிலோபைட் நினைவகம், அறிவித்த விலை 335 பவுண்டு; அதுவும் சீக்கிரமே ஏறிவிட்டது. அடுத்த ஆண்டு வந்த சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் 48 கிலோபைட்டோடு 175 பவுண்டுக்கே கிடைத்தது. ஆகவே இது எல்லோர் கைக்கும் எட்டிய கணினி அல்ல.

அந்த 32 கிலோபைட்டில் படமும் நிரலும் ஒண்டுக் குடித்தனம். பல நிறம் காட்டும் திரைமுறையைக் கேட்டால் படத்துக்கே 20 கிலோபைட் போய்விடும். எழுத்து மட்டும் போதும் என்று ஏழாம் முறைக்குப் போனால் 1 கிலோபைட்டில் முடிந்துவிடும். முதல் வரி எழுதுமுன்பே கணக்குப் போட்டாக வேண்டும்.

இந்த நெருக்கடியில் பிறந்ததுதான் 1984-இல் டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் படைத்த 'எலைட்' விண்வெளி விளையாட்டு. எட்டு விண்மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 கோள்கள். அத்தனையையும் எங்கே வைத்தார்கள்? எங்கும் வைக்கவில்லை. சில எண்களை விதையாக இட்டு, கோளின் பெயர், ஆட்சிமுறை, பொருளாதாரம் எல்லாவற்றையும் வேண்டும்போது கணக்கிட்டு வரவழைத்தார்கள். திரையிலும் ஒரு தந்திரம்: மேலே நுணுக்கமான கறுப்பு வெள்ளைக் கோடுகள், கீழே வண்ணக் கருவிப்பலகை. படம் பாதி வரைந்துகொண்டிருக்கும்போதே திரைமுறையை மாற்றிவிடுவார்கள்! என் கணிப்பில், நிரலெழுதும் கலையில் இதற்கு இணையானவை சொற்பம்.

ஆனால் பொறியின் பெருமை விளையாட்டோடு நிற்கவில்லை. வில்சன் எழுதிய பேசிக் மொழியில் செயல்முறைகளுக்குப் பெயரிடலாம். அதே நிரலுக்குள் சில்லின் சொந்தக் கட்டளைகளையும் எழுதலாம். கற்பவரைக் குழந்தையாக நடத்தாத மொழி அது. பெட்டியின் அடியில் 'டியூப்' என்றொரு இணைப்பு உண்டு. இரண்டாவது செயலியை அதில் மாட்டலாம். 1985-இல் ஏகார்னின் முதல் ஆர்ம் சில்லு ஓடியது இந்த வழியில்தான். இன்று நம் கைப்பேசிகளில் இருப்பது அதன் வாரிசு.

1984-இல் இந்திய அரசு தொடங்கிய பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்துக்கும் இதே பொறிதான் வந்தது. இதைப்போலவே இயங்கும் மென்பொருள் இன்று இணைய உலாவியில் இலவசமாகக் கிடைக்கிறது. வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் திறந்து காட்டுங்கள். ஏழாம் முறையிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.