தரையில் அமரும் கால்



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே வழக்கம். நான் ஒரு காலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன், பொறுத்தருள வேண்டுகிறேன்.

நீரிழிவு நோயால் என் தந்தையாரின் வலக்காலை முழங்காலுக்குக் கீழே அகற்ற நேர்ந்தது. அப்போது நாங்கள் வேறோர் ஊரில் இருந்தோம். அங்கே பொருத்திய செயற்கைக் கால் பார்வைக்கு அழகியது. பூட்சு அணிந்து நடந்தால் எவரும் ஐயுறார். ஆனால் பூட்சோடு பூசையறைக்குள் நுழைவது எங்ஙனம்? எல்லோரும் தரையில் இலைமுன் அமர, அவர் மட்டும் மேசையருகே தனித்து உண்டார். ஒரே மாதத்தில் அக்கால் கட்டிலுக்கடியில் போய்விட்டது. பிடிவாதம் என்று நாங்கள் கடிந்துகொண்டோம். அவர் மறுமொழி சொல்லவில்லை.

அவ்வகைக் காலில் கணுக்கால் மூட்டே கிடையாது. உள்ளே விறைப்பான கட்டை. குதிகாலில் மட்டும் மெத்தென்ற ரப்பர். நாம் குந்தி உட்காரும்போது குதிகால் தரையில் ஊன்றியிருக்க, கணைக்கால் முன்னே சாய்கிறது. கணு மடங்காவிட்டால் உடலின் எடை பின்னே போய் மல்லாந்து விழுவோம். சம்மணமிடும்போதோ, பாதம் உட்புறம் திரும்பி அதன் வெளிவிளிம்பு தரையில் படிகிறது. திரும்பாத பாதம் அந்த முறுக்கை எல்லாம் வெட்டுண்ட காலின்மீதே செலுத்தும். நாற்காலியில் வாழும் மக்களுக்காகச் செய்த பொருள் அது. அதனை நோவது நியாயமன்று.

இதற்கு விடை கண்டவர்கள் நாம் குடியேறி வாழும் இந்த ஜெய்ப்பூரிலேயே இருந்தார்கள். சவாய் மான்சிங் மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் பி. கே. சேத்தியும், பள்ளிப்படிப்பு மிகுதியில்லாத கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் 1960களின் இறுதியில் ஒரு பாதத்தை உருவாக்கினர். கணுவுக்கு மரத்துண்டு; குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் நுண்துளை ரப்பர்; மேலே தோல்நிற ரப்பரைச் சுற்றி அச்சில் வேகவைத்தனர். அந்த மென்ரப்பரே மூட்டாகி எப்பக்கமும் வளைந்து கொடுக்கிறது. ஈர வயலிலும் வெறுங்காலாய் நடக்கலாம். 1981இல் சேத்திக்கு மகசேசே விருது கிடைத்தது. சர்மாவின் பெயரையும் நாம் சேர்த்தே சொல்வோம். 1975இல் இவ்வூரில் தோன்றிய பகவான் மகாவீர் விகலாங் சகாயதா சமிதி இக்காலை இலவசமாகவே வழங்குகிறது.

1981இல் விபத்தில் காலிழந்த சுதா சந்திரன் இக்காலுடன் 1984இல் மீண்டும் பரதம் ஆடியதைப் பலரும் அறிவீர்கள். என் தந்தையார் ஆடவில்லை. சென்ற பொங்கலன்று எங்களோடு சம்மணமிட்டு அமர்ந்து, பாயசம் இருமுறை கேட்டார், அவ்வளவே.

அன்பர்களே, உங்களுள் எவர் வீட்டிலேனும் கட்டிலுக்கடியில் ஒரு கால் கிடக்குமாயின் என்னிடம் சொல்லுங்கள். அளவெடுக்க நான் உடன் வருகிறேன்.