பாட்டியின் பாக்குவெட்டி



மூன்றாம் வகுப்பில் பயிலும் என் மகளைப் பள்ளியில் ஒரு நாள், புணே நகரின் ராஜா தினகர் கேல்கர் அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் சென்றனர். மாலையில் வீடு திரும்பியவள், முதற்காரியமாகப் பாட்டியின் பாக்குவெட்டியைப் பறித்துக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

"அங்கே இதைக் கண்ணாடிக்குள் வைத்துக் காக்கிறார்கள். நீங்களோ இதனால் பாக்கு வெட்டுகிறீர்களே, பாட்டி!"

வெற்றிலையும் கையுமாக என் அன்னையார் திகைத்து அமர்ந்திருந்தார். அலமாரியின்மேல் மராத்தியில் ஒரு சீட்டு: 'அட்கித்தா. தொடக்கூடாது.'

"தமிழில் இதன் பெயர் என்ன, அம்மா?" என்றேன். குழந்தை விழித்தாள். என் சிரிப்பு அங்கேயே நின்றது. மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட என் வீட்டிலிருந்தே ஒரு சொல் நழுவிக்கொண்டிருந்தது.

தினகர் கேல்கர் (1896–1990) விளக்கு, பூட்டு, பாக்குவெட்டி என எளிய வீட்டுப் பொருள்களை ஊரூராகத் தேடிச் சேர்த்தவர். சிறு வயதிலேயே மறைந்த தம் மகன் ராஜாவின் பெயரை அத்தொகுப்புக்குச் சூட்டினார். பின்னர் அதனை மகாராஷ்டிர அரசுக்கு அளித்தார். அங்கு இன்று 20,000-க்கும் மேற்பட்ட பொருள்கள் உள்ளன. பொருளைக் காக்க அருங்காட்சியகம் உண்டு. அதன் தமிழ்ப் பெயரைக் காக்க, வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு வீட்டுப் பேச்சன்றி வேறு இடமேது?

இறுதியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. பாட்டி பெயரைச் சொல்ல, பேத்தி தமிழில் எழுதினாள்: 'பாகுவெட்டி'. விடுபட்ட 'க்' சேர்ந்த பிறகே அலமாரி திறந்தது. பாட்டிக்கு வெற்றிலையும் கிட்டியது.