முகமூடிக்குப் பின்னும் ஒரு முகமூடி

குறுந்தொகையின் ஏழாம் பாட்டில் பெரும்பதுமனார் ஓர் ஒலியைக் கேட்கச் செய்கிறார். காற்றில் அலைப்புண்ட வாகை நெற்றின் ஒலி, கயிற்றின்மீது ஆடும் ஆரியரின் பறையொலியை நினைவூட்டுகிறது. ஆடுவோர் வடபுலத்து அயலார். அந்தக் காட்டுவழியில் நடந்து செல்லும் காதலர் இருவரும், எதிர்ப்பட்டோர்க்கு இன்னார் என்று அறியப்படாதவர். வித்தை காட்டுவோரை அயலாராகக் காணும் பார்வை அத்துணைப் பழையது. திருவேங்கடம் போன்ற கரிசல் ஊர்களின் திடலில் கழைக்கூத்தாடி மேளம் கொட்டினாலும் முதலில் எழும் வினா, ‘எந்த ஊர்?’ என்பதுதானே!

அந்த வினாவை வாழ்நாள் முழுதும் எதிர்கொண்ட ஓவியர் யசுவோ குனியோஷி. ஜப்பானில் ஒக்கயாமா நகரில் 1889இல் பிறந்த இவர், 1906இல் பதினேழு வயதளவில் தனியராய் அமெரிக்கா சென்றார். நியூயார்க்கில் ஓவியம் பயின்று, அங்கேயே ஆசிரியருமானார். 1919இல் இவரை மணந்த ஓவியர் காத்தரின் ஷ்மிட், அம்மணத்தாலேயே தம் அமெரிக்கக் குடியுரிமையை இழந்தார். 1941 திசம்பரில் போர் மூண்டதும் குனியோஷி ‘பகை நாட்டு அயலார்’ என வகைப்படுத்தப்பட்டார். அவருடைய ஒளிப்படக் கருவி பறிக்கப்பட்டது. அதே அரசுக்காகவே அவர் ஜப்பானிய இராணுவத்தை எதிர்த்துச் சுவரொட்டிகளும் வரைந்து கொடுத்தார் என்பது எண்ணத்தக்கது.

சர்க்கசு அவருக்கு இளமை முதற்கொண்டே உவப்பான பொருள். 1925இல் அவர் தீட்டிய ‘ஓய்வெடுக்கும் சர்க்கசுப் பெண்’ ஓவியத்தை அமெரிக்க அரசே வாங்கி அயல்நாடுகளில் காட்சிக்கு வைக்க முனைந்தது. எதிர்ப்புக் கிளம்பியது. குடியரசுத் தலைவர் ட்ரூமனும் எள்ளி நகையாடினார். 1948இல் அது பிற ஓவியங்களோடு போர்க்கால மிச்சப் பொருளாக விற்கப்பட்டது. அதே ஆண்டில்தான் விட்னி அருங்காட்சியகம், வாழும் ஓவியர் ஒருவரின் படைப்புகளுக்கான பின்னோக்குக் காட்சியை முதன்முறையாக நடத்தியது. அந்த ஓவியரும் குனியோஷியே!

1952இல் பிறந்தது ‘மிஸ்டர் ஏஸ்’. கோமாளி உடையணிந்த ஒருவன் தன் முகமூடியைக் கழற்றுகிறான். வண்ணங்கள் திருவிழாப் பந்தலைப்போல் ஒளிர்கின்றன. ஆனால் வெளிப்படும் முகமோ நகைப்பா, ஏளனமா, களைப்பா என்று சொல்லவொண்ணாதது. அதுவே மற்றொரு முகமூடிபோல் இறுகியிருக்கிறது. ஏஸ் என்பது சீட்டுக்கட்டின் ஆஸ். ஆட்டத்திற்கேற்ப அது வெறும் ஒன்றாகவும் நிற்கும். அனைத்திற்கும் மேலாகவும் எழும்.

சிரிப்புக்குள் சோகத்தை மறைத்த கோமாளி என்று இதனைச் சுருக்கிவிடுவாருண்டு. அது எளிய வழி. திரைப்படப் பாடல்களுக்குப் போதும். முகமூடிக்குப் பின்னே மெய்ம்முகம் ஒன்று காத்திருக்கிறது என்னும் நம்பிக்கையைத்தான் இவ்வோவியம் மறுக்கிறது. ஒரே மனிதனை ஓர் ஆண்டில் பகைவன் என்றும் மற்றோர் ஆண்டில் தம் நாட்டின் பெருமை என்றும் அழைத்தவர்களுக்கு அவன் எந்த முகத்தைக் கழற்றிக் காட்டுவான்? படிமத்திற்கு ஒற்றைப் பொருள் தேடி அமைதியடையும் கவிதை வாசகரும் இங்கே சற்றுத் திகைத்தல் நன்று.

அந்த 1952ஆம் ஆண்டிலேயே வெனிசு நகரக் கலைக் காட்சியில் அமெரிக்காவின் சார்பாளர்களுள் ஒருவராகக் குனியோஷியின் ஓவியங்கள் இடம்பெற்றன. ஜப்பானியர் குடியுரிமை பெற வழிவகுத்த சட்டமும் அவ்வாண்டே நிறைவேறிற்று. 1953 மே மாதம் அவர் மறைந்தபோது அந்த உரிமை அவர் கைக்கு வந்திருக்கவில்லை. ‘மிஸ்டர் ஏஸ்’ இப்போது அவர் பிறந்த ஒக்கயாமாவில் இருக்கிறது.