கரையிலேயே தொடங்க வேண்டிய வைத்தியம்

மன்னார் வளைகுடாவில் சங்குக்கும் இலங்கையின் வடகடலில் கடலட்டைக்கும் மூழ்குகிறவர்கள் எல்லோரும் இன்று மூச்சடக்கி இறங்குவதில்லை. காற்றுக்குழாயோ சிலிண்டரோ துணையிருப்பதால் ஆழத்தில் வெகுநேரம் தங்குகிறார்கள். வினையும் அங்கேதான் இருக்கிறது. பத்து மீட்டர் இறங்கினாலே அழுத்தம் இரண்டு மடங்காகி, சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் திசுக்களிலும் கூடுதலாகக் கரைகிறது. நிதானமாக ஏறினால் அது மூச்சோடு வெளியேறிவிடும். விறுவிறுவென்று ஏறினால், மூடி திறந்த சோடாவைப்போல உடலுக்குள்ளேயே குமிழி விடும். மூட்டுவலி, மரமரப்பு, தலைசுற்றல், சில நேரம் இரண்டு கால்களும் விளங்காமல் போவது எல்லாம் அதன் விளைவு. பிரான்ஸின் பால் பெர்ட் 1878-லேயே இதை நிறுவிவிட்டார். 1908-ல் ஹால்டேன், படிப்படியாக நின்று மேலேறும் முறையையும் வகுத்துக் கொடுத்தார்.

இப்படிப் பாதிக்கப்பட்டவர்களுக்கான முழுச் சிகிச்சை அழுத்த அறையில்தான். ஆனால் அந்த அறை எல்லா ஊரிலும் இல்லை. ஆகவே, கரையேறியதும் பாதிக்கப்பட்டவரைப் படுக்கவைத்து, இறுக்கமான முகமூடி வழியே நூறு சதவீத ஆக்சிஜன் கொடுப்பதே முதல் வைத்தியம் என்கிறேன். நுரையீரலில் நைட்ரஜன் இல்லாதபோது குமிழியிலிருக்கும் நைட்ரஜன் வேகமாக வெளியேறும். இரத்தம் தடைப்பட்ட திசுவுக்கும் உயிர்க்காற்று எட்டும். வலி நின்றதே என்று வீட்டுக்குப் போய்விடக் கூடாது, அது திரும்ப வரலாம். “மறுபடி மூழ்கினால் வலி விட்டுவிடுகிறதே” என்பார்கள் அனுபவசாலிகள். விடுவது உண்மைதான், ஆழத்தில் குமிழி சுருங்குகிறது. ஆனால் அங்கே அவர் சுவாசிப்பது அதே காற்று, ஏறுவது அதே நைட்ரஜன். கை கால் செயலிழந்தால் நீருக்கடியில் தாங்கிப்பிடிக்க யார் இருக்கிறார்கள்? அழுத்த அறையிலோ பதினெட்டு மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில் தொடங்கி, பெரும்பகுதி நேரம் ஆக்சிஜனே கொடுத்து, ஏறத்தாழ ஐந்து மணி நேரத்தில் அழுத்தத்தை மெல்ல இறக்குகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. செலவு என்பது அடுத்த தடை. காற்று கொடுக்கும் கம்ப்ரஸருக்குப் பணம் போடுகிற முதலாளி, ஒரு ஆக்சிஜன் சிலிண்டருக்குக் கணக்குப் பார்ப்பது நியாயமில்லை. (அதனருகே பீடி பற்றவைக்கக் கூடாது, வால்வில் எண்ணெய் தடவக் கூடாது.)

தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 ஆம்புலன்ஸை அழையுங்கள். பக்கவாதமென்று மருத்துவர் எண்ணிவிடாதபடி, எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு நேரம் இருந்தார், எப்போது மேலே வந்தார் என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.