தீனியும் காவலும்

(மகாவீரர் ஜயந்தி விழாவை ஒட்டித் திருக்கடையூரில் ஆற்றிய உரை)

பறவைகளுக்கு உணவிடும் அறத்தைப் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். நான் கண்டதையும் அதனால் எண்ணியதையும் சுருங்கச் சொல்கிறேன்.

ராஜஸ்தானத்தில், தார்ப் பாலைவனத்தின் பலோடி நகருக்கு அருகே கீச்சன் என்னும் சிற்றூர் உள்ளது. சென்ற தை மாதத்தில் அங்குச் சென்று வரும் வாய்ப்புக் கிட்டியது. மங்கோலியாவிலும் நடு ஆசியப் புல்வெளிகளிலும் குஞ்சு பொரிக்கும் பெருங்கொக்கு ஒன்று, இமயத்தைக் கடந்து புரட்டாசி வாக்கில் அங்கு வந்து, பங்குனி வரை தங்குகிறது. அதனைக் 'குர்ஜா' என்பர். சாம்பல் நிற உடல், கரிய கழுத்து, கண்ணின் பின்னே வெண்தூவி. விடியலில் அவை அணி அணியாக வானில் வட்டமிட்டு, ஆளரவம் அடங்கிய பின்னரே தரையிறங்குகின்றன.

1970களில் ரதன்லால் மாலூ என்னும் சமணர் புறாக்களுக்கு இறைத்த தானியத்தை நாடிச் சில குர்ஜாக்கள் வந்தன. இன்று அவை பல்லாயிரமாகப் பெருகிவிட்டன. ஊராரும் வெளியூர் வணிகரும் ஈயும் பொருளால் நாள்தோறும் சோளம் இறைக்கப்படுகிறது. 2025இல் கீச்சன் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

அத்தானியத்தைக் காட்டிலும் என் நெஞ்சை ஈர்த்தவை இரண்டு. ஒன்று, நாய்கள் புகாதபடி தீனித் திடலைச் சுற்றி அவர்கள் அமைத்த வேலி. மற்றொன்று, மின்கம்பிகளில் மோதிப் பறவைகள் மடிந்தபோது, அக்கம்பிகளை அகற்றக் கோரி ஊரார் விடாது முறையிட்டமை. அழைத்த விருந்தினர்க்குக் காவலும் தம் கடன் என்று உணர்ந்தவர்கள் அவர்கள்.

அமெரிக்காவின் அரிசோனாவிலும் பாலைநில மலைப் பள்ளத்தாக்குகளில் வாழ்வோர், சில கிராம் எடையே உள்ள ரீங்காரச் சிட்டுகளுக்காகச் சர்க்கரை நீர்க் குடுவைகளைத் தொங்கவிடுகின்றனர். அதற்கும் நெறி உண்டு. ஒரு பங்கு சர்க்கரைக்கு நான்கு பங்கு நீர், சாயம் கூடாது, குடுவையை அடிக்கடி கழுவ வேண்டும். தேன் கலத்தலும் ஆகாது. அதில் பூஞ்சை வளர்ந்து அச்சிற்றுயிருக்கு நோய் தரும். தேனை விலக்கிய மரபினராகிய நமக்கு இச்செய்தி இனிது.

இனி நம் காவிரிப் படுகைக்கு வருவோம். அறுவடையின் முதற்கதிர்களைக் குலையாகக் கட்டி, சிட்டுக்குருவிகளுக்காக வாசலில் தொங்கவிட்டவர்கள் நம் முன்னோர். தெற்கே கோடியக்கரை 1967 முதல் சரணாலயமாக விளங்குகிறது. ஆயினும் சரணாலயத்தின் எல்லைக்கல் பறவைக்குத் தெரியாது. கொக்கும் மடையானும் உள்ளானும் இரை தேடுவது நம் வயல்களிலும் வாய்க்கால்களிலும்தான். அங்கே கண்ணியும் வலையும் வைத்துப் பிடித்து, மடையானைச் சாலையோரத்தில் விற்பதை நீங்களும் கண்டிருப்பீர்கள். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இதனைத் தடுக்கிறது. குருணை மருந்தைத் தானியமென்று கொத்தி மடிவனவும் உண்டு.

நம்மில் பலர் நிலத்தைக் குத்தகைக்கு விட்டு நகரங்களில் வாழ்கிறோம். மாடியில் ஒரு பிடி அரிசி இறைக்கிறோம். ஊரில் நம் பெயரில் உள்ள வரப்பில் கண்ணி இருக்கிறதா என்று கேட்பதில்லை. நிலம் நம்முடையதாயின் அங்கு நேரும் கொலையிலும் நமக்குப் பங்கு உண்டு.

ஆதலின் ஒரு வேண்டுகோள். அடுத்த குத்தகை பேசும்போது, நெல்லளவோடு இரண்டு சொற்களையும் சேர்த்துப் பேசுங்கள்: கண்ணி கூடாது; பறவையைக் கொல்லும் நஞ்சு கூடாது. அதனால் விளைச்சல் குறையுமென்று உழவர் அஞ்சினால், குத்தகையில் சில மரக்கால் குறைத்துக்கொள்ளுங்கள். கண்ணி வைப்போர் பெரும்பாலும் வறியவர். அவர்களை ஏசாமல், வயற்காவலுக்குக் கூலி கொடுத்து அமர்த்துங்கள். அவ்வாறு விட்டுக்கொடுக்கும் நெல்லே நாம் பறவைகளுக்கு இடும் மெய்யான தீனி.