ஓடைக்கும் கூரைக்கும் நாமே திட்டம் போடுவோம்

(தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவிமாருக்கான சங்கக் கருத்தரங்கில், தோட்டப் பாடசாலை ஆசிரியரும் சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரை)



சம்பளப் பிரச்சினை இருக்கும்போது கரண்டைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் கரண்டு பில்லும் கேஸ் சிலிண்டரும் அந்தச் சம்பளத்திலிருந்துதானே போகின்றன? 2022ஆம் ஆண்டு ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. கேஸ் வரிசையில் நின்று களைத்தவர்கள் விறகுக்கே திரும்பினார்கள். அதே வருஷம் ஓகஸ்டிலும் அடுத்த வருஷம் பெப்ரவரியிலும் மின்கட்டணம் அடுத்தடுத்து ஏறியது. கொழுந்து பறித்துவிட்டு வந்து விறகு தேடுவது யார், காம்பராவுக்குள் அந்தப் புகையைக் குடிப்பது யார் என்று இங்கே இருக்கும் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆகவே இதுவும் நம்முடைய வயிற்றுப் பிரச்சினைதான்.

இன்னொன்றும் இருக்கிறது. நாட்டுக்கு வெளிச்சம் கொடுத்தது நம்முடைய மலைத் தண்ணீர். 1950இல் லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. பிறகு காசல்ரீ, மவுஸாக்கலை நீர்த்தேக்கங்கள் வந்தன. மவுஸாக்கலையில் தண்ணீர் வற்றும் காலத்தில் பழைய மஸ்கெலியாவின் கோயில் வெளியே தெரிவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 2012இல் தலவாக்கலையில் 150 மெகாவாட் மேல் கொத்மலைத் திட்டம் வந்தது. ஒவ்வொரு முறையும் திட்டம் கொழும்பில் தயாரானது. வீடு மாறியவர்கள் மட்டும் இங்கே இருந்தார்கள்.

இப்போது 2030க்குள் நாட்டின் மின்சாரத்தில் 70 சதவீதத்தை நீர், காற்று, சூரியன் போன்றவற்றிலிருந்து எடுப்பது அரசாங்கத்தின் இலக்கு. நல்ல இலக்கு. ஆனால் ஓடைகளையும் கூரைகளையும் தேடி ஆட்கள் வருவார்கள். அவர்கள் வரும்போது நம் கையில் ஒரு திட்டம் இருக்க வேண்டும். அதை எங்கே கற்பது? பக்கத்து ஊரில் கற்கலாம்.

இரத்தினபுரி, கேகாலை, மாத்தறை மாவட்டங்களில் 1990களிலிருந்து சிங்களக் கிராமத்து மக்கள் சின்ன ஓடைகளில் சொந்தமாகக் கரண்டு எடுத்தார்கள். இப்படி 200க்கும் மேற்பட்ட கிராமங்கள் இருந்தன. மின்கம்பம் எட்டாத ஊர்கள் அவை. முதலில் மின் பாவனையாளர் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். சிரமதானத்தில் கான் வெட்டினார்கள், குழாய் சுமந்தார்கள். பொறியியலாளர்கள் வழிகாட்டினார்கள். இயந்திரத்துக்குக் கடனும் உதவிப் பணமும் கிடைத்தன. வீட்டுக்கு இவ்வளவு வாட் என்று அளவு வைத்து, மாதச் சந்தா வாங்கி, இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ள ஊர் ஆள் ஒருவரை அமர்த்தினார்கள். ஒரு ஊரில் ஓடுவதைப் பார்த்து அடுத்த ஊர் கேட்டது. அப்படித்தான் பரவியது.

கணக்கு கஷ்டமானதல்ல. செக்கனுக்கு 20 லீட்டர் தண்ணீர், 40 மீட்டர் உயரத்திலிருந்து குழாய் வழியாக விழுந்தால் ஏறக்குறைய 4 கிலோவாட் கிடைக்கும். நாற்பது வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 100 வாட். எல்.ஈ.டி. பல்புகளுக்கும் சின்ன டீவிக்கும் போனுக்கும் போதும். சோறு ஆக்கப் போதாது. அதைச் சொல்லாமல் ஆசை காட்டக் கூடாது. அடுப்புக்கு வேறு வழி பார்க்க வேண்டும். விறகை மிச்சப்படுத்தும் 'அனகி' மண் அடுப்பை இந்த நாட்டுக் குயவர்களே செய்கிறார்கள். அதையும் நாம் பக்கத்து ஊரிடம்தான் கேட்க வேண்டும்.

அந்தக் கிராமங்கள் பட்ட கஷ்டத்தையும் கற்க வேண்டும். மின்சார சபையின் கம்பி வந்ததும் பலர் அதற்கு மாறினார்கள். சந்தா குறைந்தது, இயந்திரம் பழுதானது, சங்கம் கலைந்தது. பழுதுபார்க்கத் தனி நிதி வைக்காத இடத்தில் ஒரு பேரிங் போனாலே கதை முடிந்தது. ஆனால் சில சங்கங்கள் விடவில்லை. அதே கரண்டை மின்சார சபைக்கே விற்க ஒப்பந்தம் செய்தன. கம்பி வந்த பிறகும் சங்கம் நிற்கலாம் என்பதற்கு அவை சாட்சி.

நம்முடைய பல தோட்டங்களுக்கும் இதே கதைதான். வெள்ளைக்காரன் காலத்தில் நூற்றுக்கணக்கான ஸ்டோர்கள் ஓடைத் தண்ணீரில் இயங்கின. கம்பி வந்ததும் பெரும்பாலானவற்றைக் கைவிட்டார்கள்.

கடலுக்கு அந்தப் பக்கமும் ஒரு பாடம் உண்டு. மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் ஓடந்துறை என்று ஓர் ஊர். ஊராட்சி என்றால் நம்முடைய பிரதேச சபையை விடச் சின்னது. அந்த ஊராட்சி 2006இல் தன் சேமிப்போடு வங்கிக் கடனும் சேர்த்து, 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. தெருவிளக்குக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் கட்டிவந்த பில்லை அதில் ஈடுகட்டி, மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றது. ஏன் முடிந்தது? சொத்து ஊராட்சியின் பெயரில் இருந்தது.

நம்முடைய சிக்கல் இங்கேதான். நிலம் அரசுடையது, 1992இலிருந்து நிர்வாகம் கம்பனிகளிடம். லயத்துக் கூரை நம் பெயரில் இல்லை. கூரையில் சோலார் பூட்டிக் கரண்டை விற்கும் முறை 2016லிருந்து இருக்கிறது. கூரையும் மீட்டரும் தன் பெயரில் உள்ளவருக்குத்தான் அது எட்டும். ஆகவே காணியுரிமைக் கோரிக்கையும் கரண்டுக் கோரிக்கையும் ஒன்றுதான். ஏழு பேர்ச்சும் வீடும் கேட்கும்போதே வீட்டுக்கு வீடு தனி மீட்டரும், சோலார் தாங்கும் கூரையும் கேட்க வேண்டும். 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டது. சபை நிதியைத் தோட்டத்தில் செலவழிக்கத் தடையாக இருந்தது நீங்கியது. லயத்துப் பாதை விளக்கை அங்கே கேளுங்கள்.

நம்மிடமும் கற்றுக்கொடுக்க இருக்கிறது. சந்தா சேர்ப்பது, கமிட்டி கூட்டுவது, கணக்குக் காட்டுவது நமக்குத் தலைமுறைப் பழக்கம். ஸ்டோரில் மெஷின் பார்த்த பிட்டர்மார் நம் லயங்களிலேயே இருக்கிறார்கள். கையேந்திப் போக வேண்டியதில்லை, கொடுத்து வாங்கப் போகலாம்.

அடுத்த கூட்டத்துக்குள் ஒவ்வொரு தோட்டமும் நான்கு வேலை செய்யட்டும்.

ஒன்று: தை, மாசி வரட்சியில் ஓடையை அளங்கள். மழைக்கால அளவு ஏமாற்றும். தண்ணீர் முழுவதையும் ஒரு வாய்க்குத் திருப்பி, 20 லீட்டர் வாளி எத்தனை செக்கனில் நிறைகிறது என்று பாருங்கள். நான்கு செக்கன் என்றால் செக்கனுக்கு 5 லீட்டர். பெரிய பிள்ளைகள் செய்துவிடுவார்கள்.

இரண்டு: அந்த ஓடையை நம்பி எத்தனை பீலி, எத்தனை குடும்பம் என்று எழுதுங்கள். குடிதண்ணீருக்குப் போக மிச்சம்தான் கரண்டுக்கு. கம்பனியோ வேறு யாரோ நீர்மின் திட்டம் கொண்டுவந்தால், முதல் கேள்வி இந்தத் தாளை வைத்துத்தான்.

மூன்று: எத்தனை வீட்டில் தனி மீட்டர், யார் பெயரில், மாதம் எவ்வளவு பில், எத்தனை நாள் விறகு என்று லயம் லயமாகக் கணக்கெடுங்கள்.

நான்கு: சங்கம் கலையாமல் ஓடும் ஒரு கிராமத்துக்கு ஐந்து பேர் போய்வாருங்கள். இரண்டு பேராவது பெண்களாக, ஒருவர் பிட்டராக, ஒருவர் சிங்களம் நன்றாகப் பேசுபவராக இருக்கட்டும். இயந்திரத்தைப் பார்த்துவிட்டு மட்டும் திரும்பாதீர்கள். கணக்குப் புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள். சந்தா கட்டாதவரை என்ன செய்தீர்கள், சண்டை வந்தபோது யார் தீர்த்தார்கள் என்று கேளுங்கள்.

இந்த நான்கு தாளும் கையில் இருந்தால், பிரதேச சபையிலும் கம்பனியோடும் நாம் பேசுவது வேறு மாதிரி இருக்கும். படிவம் மாவட்டக் காரியாலயத்தில் இருக்கிறது. போகும்போது ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு போங்கள்.